சூதாட்டப் பழக்கத்துக்குக் கவுன்சிலிங்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் மனநலம் பற்றிப் பேசப் போகிற இடங்களில் இந்தக் கேள்விகளை யாரும் எல்லார் முன்னாலும் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக வந்து, "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் சொன்னபடியே தொகுத்திருக்கிறேன். நான் சமூகப் பணியாளர், மருத்துவர் அல்ல. மருந்து சம்பந்தப்பட்ட முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

எல்லாரும்தான் ரம்மி ஆடுறாங்க. இதைப் போய் வியாதின்னு சொல்றீங்களே அக்கா?

ஆடுகிற எல்லாருக்கும் வியாதி இல்லை. தீபாவளி ராத்திரி சொந்தக்காரர்களோடு பத்து ரூபாய் வைத்து ஆடிவிட்டு மறுநாள் மறந்துபோகிறவரைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. ஆனால் சிலருக்கு அது கைமீறிப் போகிறது. மனநல மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் 1980 முதலே இது நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை மது, போதைப்பொருள் பழக்கங்கள் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றியது.

அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. போகப் போகப் பெரிய தொகை வைத்தால்தான் திருப்தி, நிறுத்தினால் எரிச்சல், நிறுத்தப் பார்த்துப் பலமுறை முடியாமல் போனது, எந்நேரமும் அதே நினைப்பு, மனசு சரியில்லாதபோது ஆடப் போவது, விட்டதைப் பிடிக்க மறுபடி போவது, மறைக்கப் பொய் சொல்வது, உறவோ வேலையோ படிப்போ கெடுவது, பண நெருக்கடிக்கு அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது. ஓராண்டுக்குள் இவற்றில் நான்கு இருந்தால் சிகிச்சை தேவைப்படும் நிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், "விட்டதைப் பிடிக்கணும்" என்ற பேச்சும் தொகையைப் பற்றிய பொய்யும் சேர்ந்து வந்தாலே, மற்ற ஏழு அறிகுறிகளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்க வீட்டுக்காரர் போன்ல ஆடல, மூணு நம்பர் லாட்டரிதான். அதுவும் இதுல சேருமா?

சேரும். லாட்டரி தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. ஆனாலும் துண்டுச்சீட்டிலும் வாட்ஸாப்பிலும் நம்பர் ஓடுவது தெரியாத தெருவே இல்லை. ஐபிஎல் பெட்டிங், காட்டான் என்ற நம்பர் ஆட்டம், ரேஸ், உள்ளே வெளியே சீட்டாட்டம், பணம் கட்டி ஆடும் கேரம் எதுவானாலும் பார்க்க வேண்டிய அறிகுறிகள் அந்த ஒன்பதுதான். போனில் ஒரு வித்தியாசம் உண்டு: கடை மூடுவதில்லை, கூட ஆடுபவர் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. அதனால் கடன் ஏறும் வேகம் அதிகம்.

கவுன்சிலிங்னா உக்கார வெச்சு அட்வைஸ் பண்றதுதானே? அதைத்தான் எங்க மாமியார் தினமும் பண்றாங்களே.

சிரித்துக்கொண்டே கேட்டாலும் இதுதான் பலரை வரவிடாமல் தடுக்கும் சந்தேகம். "ஆடாதே, குடும்பம் கெடும்" என்பது ஆடுபவருக்கு ஏற்கெனவே தெரியும். கவுன்சிலரின் வேலை அதைத் திருப்பிச் சொல்வதல்ல. எந்த நேரத்தில், எந்தப் பணத்தில், என்ன நினைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் போகிறார் என்பதை அவரோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பதும், அந்த இடங்களில் செய்வதற்கு வேறொன்றைப் பழக்குவதும்தான் வேலை.

இந்தப் பிரச்சினைக்கு அதிகம் ஆராயப்பட்ட முறை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் ஒன்றாகத் திருத்தும் பயிற்சி. இன்னும் மனசு ஒப்பாமல், வீட்டார் தொந்தரவுக்காக வந்தவரிடம் அதை உடனே ஆரம்பிப்பதில்லை. நிறுத்துவதால் அவருக்கு என்ன லாபம் என்பதை அவர் வாயாலேயே வரவழைக்கும் ஊக்க உரையாடல் முதலில் நடக்கும். திட்டினால் ஆள் அடுத்த வாரம் வரமாட்டார், அது எல்லாக் கவுன்சிலருக்கும் தெரியும்.

உள்ளே போனா என்னதான் கேப்பாங்க? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

முதல் நாள் பெரும்பாலும் கணக்கு. எப்போது ஆரம்பித்தது, என்ன ஆட்டம், இதுவரை போனது எவ்வளவு, யார் யாரிடம் கடன். இதில் ஒரு பகுதியைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் ஆச்சரியம் இல்லை, முழுத் தொகையை அதுவரை தனக்கே கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூடவே தூக்கம், குடி, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றியும் கேட்பார்கள். கடைசிக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்கள், பதற வேண்டாம்.

அடுத்து ஒரு நோட்டு. ஆடத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கையில் இருந்த பணம், அப்போது மனதில் ஓடியது ஆகிய நான்கையும் எழுதி வரச் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். காசிமேட்டில் படகு வந்து பங்கு பிரிக்கும் அன்று ஒருவருக்கு. ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாத மதியம் ஒருவருக்கு. ஹார்பரில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத விடியற்காலை இன்னொருவருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வேலையும் இல்லை, பணமும் இல்லை, பொழுதும் போகவில்லை என்ற மூன்றும் சேரும் அந்த 61 நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டியிருக்கும். ஆளுக்கு ஆள் இது மாறுவதால்தான் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது.

அதற்குப் பிறகு நினைப்புகள். "நாலு தடவை விட்டாச்சு, அஞ்சாவது வந்தே தீரும்" என்பது எல்லாருக்கும் பொதுவானது. மோண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 1913 ஆகஸ்ட் 18 அன்று ரூலெட் என்ற சுழல்சக்கர ஆட்டத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்புக் கட்டத்தில் நின்றது. அடுத்தது சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் ஓட்டாண்டியானார்கள். முந்தின சுற்று என்ன ஆனது என்று சக்கரத்துக்குத் தெரியாது. "ஒரே ஒரு நம்பர்ல போச்சு" என்பதும் இதே ரகம்: தோல்விதான், ஆனால் மூளை அதைக் கிட்டத்தட்ட வெற்றியாக எடுத்துக்கொண்டு இன்னொரு சீட்டு வாங்கச் சொல்கிறது. இப்படித் தன் நோட்டில் தானே எழுதிய வரிகளை எடுத்துவைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் சிகிச்சையின் நடுப்பகுதி. கடைசிப் பகுதி, ஆடத் தோன்றும் வேகம் வரும்போது சமாளிப்பது. அந்த வேகம் ஏறி உச்சத்துக்குப் போய்ப் பெரும்பாலும் அரை மணிக்குள் தானாகத் தணியும் என்பதை ஒருமுறை அனுபவித்துவிட்டால் பாதி பயம் போகும்.

இதுக்கு எங்க போறது? பிரைவேட்டுக்குப் போற அளவுக்கு எங்ககிட்ட காசு இல்ல.

பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் பக்கம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கும்போது "மனநலம்" என்று சொன்னால் போதும், காரணத்தை வரிசையில் நின்று விளக்க வேண்டாம். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டலும் பழசுதான். அதற்குப் பயந்து இலவசச் சிகிச்சையை விடுவது நஷ்டம்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில், கட்டணம் இல்லாமல் பேசலாம். மாநில அரசின் 104-லும் மனநல ஆலோசனை உண்டு. முதல் அழைப்பில் பெயர்கூடச் சொல்லாமல் பேசிப் பார்த்தவர்கள் பிறகு நேரில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வாட்டி போகணும்? வேலைக்கு லீவு போட்டா சம்பளம் போயிடும்.

பெரும்பாலும் வாரம் ஒருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு. பிறகு மாதம் ஒருமுறை. தினக்கூலி ஆள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நாளை மாற்றித் தரவோ நடுவில் போனில் பேசவோ வழி இருக்கும். மூன்றாவது நான்காவது வாரத்தில் "சரியாயிடுச்சு" என்று நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. கையில் பணம் இல்லாததால் ஆடாமல் இருப்பதும் பழக்கம் மாறியதால் ஆடாமல் இருப்பதும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாத்திரை எதுவும் இல்லையா? ஒரு ஊசி போட்டா விட்டுடுற மாதிரி?

சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. மதுப்பழக்கத்துக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் சிலருக்கு அந்த வேகத்தைக் குறைக்கிறது என்பதால் மருத்துவர் தேவைப்பட்டால் எழுதுவார். கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கும் மருந்து தரலாம். எதுவானாலும் கவுன்சிலிங்குக்குத் துணைதான்.

இதற்கு நேரெதிராகவும் ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல், சில மனநோய்களுக்குத் தரும் அரிபிப்ரசோல் ஆகியவை சிலருக்குச் சூதாடும் வேகத்தையே உண்டாக்கும். வாழ்நாளில் சீட்டைத் தொடாத பெரியவர் அறுபது வயதுக்கு மேல் திடீரென ஆட ஆரம்பித்தால், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

கவுன்சிலர் போலீஸ்ல சொல்லிட்டா?

சொல்லமாட்டார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் விவரங்களை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. ஆடியதைச் சொன்னதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து பணம் எடுத்து ஆடியிருந்தால் அதையும் கவுன்சிலரிடம் மறைக்க வேண்டாம். சட்டரீதியாக என்ன செய்வது என்பதற்கு 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண் இருக்கிறது.

அதான் ரம்மியை எல்லாம் தடை பண்ணிட்டாங்களே. இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு?

ஆன்லைன் சூதாட்டம் பற்றி நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை தந்தது, அதே ஆண்டு சட்டப்பேரவை தடை மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. ஆடுபவரை அந்த மத்தியச் சட்டம் தண்டிப்பதில்லை.

பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. வெளிநாட்டு பெட்டிங் தளங்களும் டெலிகிராம் குழுக்களும் தெருமுனை நம்பரும் நின்றுவிடவில்லை. தடையை நான் வரவேற்கிறேன், புதிதாக ஒருவர் விழுவது குறையும். ஏற்கெனவே மூன்று லட்சம் விட்டவர் மனதில் இருக்கும் "விட்டதைப் பிடிக்கணும்" என்பதற்குச் சட்டம் மருந்தாகாது.

ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் பண்றான். அது பிசினஸ்னு சண்டைக்கு வரான் மேடம்.

சட்டப்படி அது சூதாட்டம் அல்ல. அதனால் பெயரில் சண்டை போட வேண்டாம். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் என்ற முன்விலை ஒப்பந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். முதல் பதிலில் இருக்கும் ஒன்பது அறிகுறிகளை அவனையே படிக்கச் சொல்லுங்கள். நான்கு தேறினால் கவுன்சிலரிடம் போகலாம். அங்கே டீமேட் கணக்கு வைத்திருப்பவர்களும் வருகிறார்கள்.

மகன் நாலு லட்சம் கடன் வெச்சிட்டான். தாலியை வித்தாவது அடைச்சிட்டா திருந்திடுவான்ல?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உடனே அடைக்காதீர்கள். அம்மா நகையை விற்று அடைத்ததும் அவன் கண்ணீர் விடுவான், சத்தியம் செய்வான், அந்த நேரத்தில் அது பொய்யும் அல்ல. ஆனால் கடன் தீர்ந்ததும் அழுத்தம் போய்விடுகிறது, "எப்படியும் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்பது உள்ளே பதிந்துவிடுகிறது. அதோடு அவன் சொன்ன நாலு லட்சம் முழுக் கணக்கா என்பதும் தெரியாது.

முதலில் முழுப் பட்டியல், ஒரே தாளில், எழுத்தில். கவுன்சிலர் முன்னால் எழுதினால் நல்லது. தண்டல், அடகு, நண்பர்கள், லோன் ஆப், மகளிர் குழுவில் அக்கா பேரில் எடுத்தது எல்லாம். பிறகு எதை எந்த வரிசையில், அவன் சம்பளத்திலிருந்தே மாதம் எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். குடும்பம் உதவினால் பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன்காரரிடம் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். இனி யாரும் அவனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. கொஞ்ச காலத்துக்குச் சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்வது, யூபிஐ வரம்பை வங்கியில் சொல்லிக் குறைப்பது, பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் கைக்காசு. அவன் ஒப்புதலோடு செய்தால்தான் இது நிற்கும்.

தண்டல்காரர் வாசல்ல வந்து நிக்கிறார், லோன் ஆப்காரன் போட்டோவை அனுப்புவேங்கிறான். இவங்களை என்ன பண்றது?

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச்சட்டம் உண்டு. மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். லோன் ஆப் உங்கள் போனில் இருக்கும் எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டல் வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி இதை அடைப்பதுதான் பலரும் செய்கிற தவறு.

புக்கிக்கு, அதாவது பந்தயம் பிடிக்கும் ஆளுக்கு, தர வேண்டிய பந்தயப் பணம் வேறு. 1872 ஒப்பந்தச் சட்டம் 30-ம் பிரிவுப்படி பந்தயம் செல்லாது, நீதிமன்றம் போய் அதை வசூலிக்க முடியாது. ஆடுவதற்காக மூன்றாவது ஆளிடம் வாங்கிய கைமாற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கடன்தான். மேலே சொன்ன 15100-ல் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அவர் வரவே மாட்டேங்கிறார். நான் மட்டும் போய் என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். வீட்டாருக்கென்றே பயிற்சி முறை உண்டு. எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, ஆடாத நாளில் எப்படி நடந்துகொள்வது, எந்தப் பணத்தைப் பூட்டுவது என்று சொல்லித் தருவார்கள். தோற்று வந்த ராத்திரி பேச்சு எடுபடாது. இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "இந்த மாசம் வாடகை பாக்கி, எனக்குப் பயமா இருக்கு" என்று உங்கள் நிலையைச் சொல்வது "நீ ஒரு சூதாடி" என்பதைவிட உள்ளே இறங்கும். அவர் அடித்தால் 181 பெண்கள் உதவி எண். அதற்குக் கவுன்சிலிங் வரை காத்திருக்க வேண்டாம்.

பொம்பளைங்களும் இதுக்கு வராங்களா?

வருகிறார்கள், தாமதமாக. குழுக் கடனை நம்பருக்கும் போன் ஆட்டத்துக்கும் விட்டவர்கள் புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்றே வருஷக்கணக்கில் மறைக்கிறார்கள். பெண் கவுன்சிலர் வேண்டும் என்று கேட்கலாம்.

குடியை நிறுத்துற ஹோம்ல மூணு மாசம் அடைச்சு வெச்சா சரியாகாதா? இல்ல, கோயில்ல கயிறு கட்டினா?

உள்ளே போன் இல்லை, பணம் இல்லை, அதனால் ஆடமாட்டார். வெளியே வந்ததும் போனும் சம்பளமும் கைக்கு வரும். குடியும் சேர்ந்திருந்தால், அல்லது உயிருக்கு ஆபத்து இருந்தால், உள்நோயாளியாகச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டு. பதிவு பெற்ற இடமா என்று கேளுங்கள். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று முன்பு சொன்ன 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

கயிறு கட்டியோ மாலை போட்டோ நிறுத்தியவர்கள் உண்டு, அதைக் குறை சொல்லமாட்டேன். மாலை கழற்றிய மறுநாளுக்கு என்ன திட்டம் என்பதைக் கவுன்சிலரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு மாசம் சுத்தமா இருந்தார். போன வாரம் மறுபடி ஆடிட்டார். எல்லாம் வீணா?

வீண் இல்லை. ஐந்து மாதம் எப்படி இருந்தார் என்பது நோட்டில் இருக்கிறது, போன வாரம் என்ன மாறியது என்பதும் தெரிந்துவிடும். ஆடிவிட்டதை அன்றே சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. சொன்னால் திட்டாமல் அடுத்த அமர்வை முன்கூட்டியே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மறைத்தால் கடன் பட்டியலை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

"நான் செத்துட்டா எல்லாம் தீர்ந்துடும்"னு சொல்றார். சும்மா மிரட்டுறாரா?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தொகை போன இரவும், கடன் வெளியே தெரிந்த நாளும் ஆபத்தானவை. தனியே விடாதீர்கள். "சாகத் தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் அதிகமாகாது. மாத்திரை, பூச்சிமருந்து கைக்கு எட்டாதபடி வையுங்கள். 14416, அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், 044-24640050. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 108. கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் 2017 சட்டத்தின் 115-ம் பிரிவு.

போனைப் பிடுங்கிட்டு பட்டன் போன் குடுத்துட்டேன். போதுமா?

முதல் சில மாதங்களுக்கு நல்ல உதவி. டெலிவரி, ஆட்டோ ஆப் ஓட்டுபவருக்கு அது பிழைப்பையே கெடுக்கும். அவர்களுக்குப் பெட்பிளாக்கர் மாதிரி, சூதாட்டத் தளங்களை மறைக்கும் இலவசச் செயலி இருக்கிறது. பழைய ஆட்டக் குழுக்களிலிருந்து வெளியேறி, நம்பர் எழுதும் ஆளின் எண்ணை அழித்துவிடவும் வேண்டும். இது நேரம் வாங்கித் தரும், அந்த நேரத்தில் மேலே சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

கடைசியா ஒண்ணு. அளவா ஆடலாமா? கேரம்கூட தொடக் கூடாதா?

கடன் வரை போனவருக்கு "அளவா" என்பது பெரும்பாலும் நிற்பதில்லை என்பதால் முழுக்க நிறுத்துவதையே பரிந்துரைப்பார்கள். சிலர் குறைப்பதில் தொடங்கி நிறுத்துவதில் போய்ச் சேர்கிறார்கள். அதைக் கவுன்சிலரோடு முடிவு செய்யுங்கள். பந்தயம் இல்லாத கேரம் தாராளமாக ஆடலாம், கால்பந்தும் ஆடலாம், மேட்சும் பார்க்கலாம். ஆனால் காசு வைத்து ஆடும் அதே கூட்டாளிகள் அதே கிளப்பில்தான் இருக்கிறார்கள் என்றால் முதல் ஆறு மாதம் வேறு கிளப் பாருங்கள், வியாசர்பாடியில் கிளப்புக்குப் பஞ்சமில்லை. ஐபிஎல் நேரத்தில் மேட்சைத் தனியாக, கையில் போனோடு பார்க்க வேண்டாம். வீட்டு டிவியில் எல்லாரோடும் பாருங்கள்.